மிலான் எங்கள் ஊருக்கு வரவேயில்லை: யூஃபா செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபாவின் தலைவர் அலெக்சாண்டர் செஃபரின் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் நோர்வேயின் வடக்கே, பூடோவில் இருந்து எழுதுகிறேன். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் போடோ என்பார்கள். இங்கே இருப்பவர்களின் வாயில் அது பூடோதான். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, கடலை ஒட்டி, ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். அப்பா யாழ்ப்பாணக் கரையோரத்தில் இருந்து எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தவர். இன்னும் வடக்கே, ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டுப் பூடோவுக்கு இறங்கி வந்தார். நாவாந்துறை, பாஷையூர், குருநகர்க் கழகங்கள் மோதும் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த மனிதர். ஊரை விட்டு வந்தாலும் உதைபந்தாட்டப் பைத்தியம் அவரை விடவில்லை. எனக்கும் அது அவரிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் லண்டனிலும் உங்கள் போட்டிகளைப் பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களும் இதை வாசிக்க வேண்டும், ஒத்துப்போனால் குரல் கொடுக்க வேண்டும். நோர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி நியோனில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று கழகப் போட்டிகளிலும் (சம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கொன்பரன்ஸ் லீக்), முதன்மைக் கட்டத்துக்குள் நுழைவதற்காக ஆடும் தகுதிகாண் சுற்று ஒவ்வொன்றும் இரண்டு ஆட்டமாகவே இருக்க வேண்டும். ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று எங்கள் ஊரில். நாட்காட்டி எவ்வளவு நெருக்கினாலும் அதில் கை வைக்கக் கூடாது. இதை ஒரு வாக்குறுதியாக எழுத்தில் தாருங்கள்.

ஏன் இப்படி மன்றாடுகிறேன் என்பதற்கு 2020 செப்டெம்பர் 24ஆம் திகதிக்குப் போக வேண்டும்.

அது கொரோனா ஆண்டு. லீக்குகள் தாமதமாக முடிந்ததால் நீங்கள் தகுதிகாண் சுற்றுகளை ஒரே ஆட்டமாகச் சுருக்கினீர்கள். சம்பியன்ஸ் லீக்கின் கடைசித் தகுதிகாண் சுற்றான பிளே-ஓஃபுக்கு மட்டும்தான் இரண்டு ஆட்டம் மிஞ்சியது. யார் ஊரில் ஆடுவது என்பதைக் குலுக்கல் சொன்னது. யூரோப்பா லீக் மூன்றாம் தகுதிகாண் சுற்றில் எங்கள் ஊர்க் கழகமான கிளிம்டுக்கு விழுந்தது இத்தாலியின் ஏசி மிலான். இடம், மிலானின் சொந்த மைதானமான சான் சீரோ.

அன்று இரவு நானும் அப்பாவும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால். அம்மா வைத்த பிளேன்ரீ ஆறிப்போய்க் கிடந்தது, இரண்டு பேருமே தொடவில்லை. எழுபத்தையாயிரம் பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தில் பார்வையாளர்கள் இல்லை. பந்தை உதைக்கிற சத்தமும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தமும் தெளிவாகக் கேட்டன. முதல் கோல் எங்களுடையது, காஸ்பர் யுங்கர் அடித்தார். அப்பா கதிரையை விட்டு எழும்பி முடிப்பதற்குள் மிலான் சமன் செய்துவிட்டது. பிறகு 3-1. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யென்ஸ் பேத்தர் ஹௌக, இந்த ஊர்ப் பிள்ளை, தூரத்தில் இருந்து ஒன்றை இறக்கினார். 3-2. அதற்குப் பிறகு கடைசி விசில்வரை மிலான் நிம்மதியாக மூச்சு விடவில்லை.

விசில் ஊதியதும் அப்பா சொன்னார்: "பரவாயில்லை, ஒரு கோல் தானே. அடுத்த கிழமை இங்க வருவாங்கள். காத்துக்கையும் குளிருக்கையும் ஆடிப் பார்க்கட்டும்."

இந்த முறை இரண்டாவது ஆட்டம் கிடையாது என்பதை அவருக்கு நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஐரோப்பியப் போட்டி என்றால் திரும்பி வருவார்கள் என்பது அவர் உடம்பில் ஊறிப்போன ஒன்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதென்ன நியாயம்?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

சில நாட்களில் மிலான் ஹௌகவை வாங்கிக்கொண்டு போனது. எங்களுக்குக் கிடைத்தது விற்ற காசு. எங்கள் மைதானமான அஸ்ப்மீராவில் மிலானின் சிவப்புக் கறுப்புச் சட்டையைப் பார்க்கும் நாள் மட்டும் கிடைக்கவில்லை.

இதில் எங்களுக்கு மட்டும் அநியாயம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முந்திய இரண்டு சுற்றுகளிலும் குலுக்கல் எங்கள் பக்கம் விழுந்தது. லித்துவேனியாவின் கௌனோ ஜல்கிரிஸை இங்கே 6-1 என்றும், வில்னியுஸின் ஜல்கிரிஸை இங்கே 3-1 என்றும் வென்றோம். அந்த இரண்டு ஊர்களிலும் என் அப்பாவைப் போல ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். அவருடைய ஊருக்கும் நாங்கள் போகவில்லை.

கொரோனா ஆண்டில் வேறு வழி இருந்திருக்காது, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டே நீங்கள் பழைய முறைக்குத் திரும்பினீர்கள், அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும். தகுதிகாண் சுற்றை மீண்டும் சுருக்கும் தீர்மானம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது என்றும் நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஒருமுறை செய்து காட்டிய காரியம், தேவை வரும்போது இரண்டாவது முறை இலகுவாக இருக்கும். சம்பியன்ஸ் லீக் 2024இல் 36 அணிகளாகப் பெருத்தது, முதற்கட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டங்கள் எட்டாகின. 2025 கோடையில் ஃபிஃபா 32 கழகங்களை வைத்து உலகக் கிண்ணம் நடத்தியது. ஆட்டக்காரர்கள் களைத்துப் போகிறார்கள், நாட்காட்டியில் இடமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையும் அதுதான். எங்காவது ஒரு நாளைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் யாருடைய நாள் போகும்? ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் யாரும் பார்க்காத ஆட்டம் என்று நினைக்கப்படுகிற எங்கள் நாள்தான் போகும் என்று பயப்படுகிறேன்.

அந்த ஜூலையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய லீக்குகள் விடுமுறையில் இருக்கும் அந்த மாதம் நோர்வேக்கும் பரோயே தீவுகளுக்கும் ஐஸ்லாந்துக்கும் கசகஸ்தானுக்கும் ஆட்டப்பருவத்தின் நடுப்பகுதி. எங்கள் லீக் இளவேனிலில் தொடங்கி ஆண்டு இறுதியில் முடியும். கோடையின் வெளிச்சத்தில், முழு வேகத்தில் நாங்கள் இருக்கும் போதுதான் இந்தச் சுற்றுகள் வருகின்றன. மிச்சப்படுத்தித் தள்ளிவிடக்கூடிய ஒரு முன்னுரை மாதிரி யாருக்காவது இது தெரியலாம். இந்த ஊர்களில் வருடத்தின் பெரிய இரவு அது.

சரி, இனி எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன். ஒரே ஆட்டம் என்றால் சின்ன அணிக்குத்தான் வாய்ப்பு அதிகம், ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தால் போதும், இரண்டு ஆட்டம் வைத்தால் பலமான அணி இரண்டாவதில் கணக்கைத் தீர்த்துவிடும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2016 ஜூலையில் ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸ், ஸ்கொட்லாந்தின் செல்டிக்கை 1-0 என்று வென்றது. கோல் போட்ட லீ கஸியாரோ பொலிஸ் வேலை பார்த்தவர். அடுத்த கிழமை கிளாஸ்கோவில் செல்டிக் 3-0 என்று வென்று போய்விட்டது.

எங்கள் கதையும் இதுதான், ஒருமுறை அல்ல, இருமுறை. 2022இல் சம்பியன்ஸ் லீக் பிளே-ஓஃப். டினாமோ ஸாக்ரெப்பை இங்கே 1-0 என்று வென்றோம். ஸாக்ரெப்பில் தொண்ணூறு நிமிட முடிவில் அவர்கள் 2-1 என்று முன்னிலை, மொத்தக் கணக்கு 2-2. கணக்குச் சமனானால் வெளியூரில் கூடுதல் கோல் போட்ட அணியை மேலே அனுப்பும் பழைய விதி இருந்திருந்தால் அந்த நிமிடமே நாங்கள் உள்ளே. ஆனால் அதை நீங்கள் 2021இல் நீக்கிவிட்டீர்கள். மேலதிக நேரத்தில் இரண்டு வாங்கி 4-1 என்று வெளியே வந்தோம். 2024இல் மறுபடியும் பிளே-ஓஃப். பெல்கிரேட்டின் சிவப்பு நட்சத்திர அணியை இங்கே 2-1 என்று வென்றோம், அங்கே 0-2. மறுபடியும் வெளியே.

இரண்டு தடவையும் ஒரே ஆட்டம் என்றிருந்து, அது இங்கே நடந்திருந்தால் சம்பியன்ஸ் லீக்குக்கு எங்கள் ஊர் சில வருடங்கள் முன்பே போயிருக்கும். அந்த இரண்டு இரவுகளும் எவ்வளவு வலித்தன என்பது எனக்குத் தெரியும். பெல்கிரேட் ஆட்டம் முடிந்த பிறகு என் மகள் அழுதபடியே தூங்கிப்போனாள். அப்படியிருந்தும் இரண்டு ஆட்டம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஏனென்றால் அங்கே தோற்றது சரியான தோல்வி. அவர்கள் எங்கள் காற்றில் ஆடினார்கள், நாங்கள் அவர்களுடைய இரைச்சலில் ஆடினோம், கூட்டிப் பார்த்தால் அவர்கள் மேல். அதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. மிலானிடம் தோற்றதை மட்டும் அப்பா இன்னும் முடிந்த ஆட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதோடு, எங்களைத் தூக்கி நிறுத்தியதும் அதே இரண்டாவது ஆட்டம்தான். 2021 கோடையில் போலந்தின் லேகியா வார்சோவிடம் 2-3, 0-2 என்று அடிபட்டு, புதிதாகத் தொடங்கியிருந்த கொன்பரன்ஸ் லீக்குக்கு இறங்கினோம். மூன்றாம் தகுதிகாண் சுற்றில் கொசோவோவின் பிரிஷ்டினா அணி தன் ஊரில் எங்களை 2-1 என்று வென்றது. ஒரே ஆட்டம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அஸ்ப்மீராவில் 2-0 என்று திருப்பினோம். அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி ஜொசே மொரின்யோ பயிற்றுவித்த இத்தாலியின் ரோமா இங்கே வந்து 6-1 என்று தோற்றுப் போனதை உலகமே பேசியது. ரோமாவின் ஆறு கோலைப் பேசுகிறவர்கள் பிரிஷ்டினாவைப் பேசுவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே கதை. அடுத்த ஆண்டு பெல்ஃபாஸ்ட்டில் லின்ஃபீல்டிடம் 0-1. இங்கே வந்து 8-0!

மற்ற ஊர்களையும் பாருங்கள். 2025இல் கைரத் அல்மாட்டி. கசகஸ்தானில், சீன எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நகரம். முதல் தகுதிகாண் சுற்றில் இருந்து நான்கு சுற்று தாண்டி வந்தார்கள். இரண்டாம் சுற்றில் பின்லாந்தின் குவோப்பியோவில் 0-2 என்று தோற்று, அல்மாட்டியில் 3-0 என்று வென்றார்கள். பிறகு ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவைப் பெனால்டியில். கடைசியில் செல்டிக்: கிளாஸ்கோவில் 0-0, அல்மாட்டியில் மேலதிக நேரமும் சேர்த்து 0-0. இருநூற்றுப் பத்து நிமிடம் ஒரு கோல்கூட இல்லை. பெனால்டியில் டெமிர்லான் அனார்பெகோவ் என்ற 21 வயதுப் பையன் மூன்றைத் தடுத்தார். அந்த இரவு அல்மாட்டியில் நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். குலுக்கலில் கிளாஸ்கோ மட்டும் விழுந்திருந்தால் அந்த நகரத்துப் பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள்.

2023இல் பரோயே தீவுகளின் கிளாக்ஸ்விக். ஐயாயிரம் பேர் வாழும் ஊரின் கழகம். ஹங்கேரிச் சம்பியன் ஃபெரென்ஸ்வாரோஸைத் தங்கள் தீவில் 0-0 என்று நிறுத்திவைத்து, புடாபெஸ்ட்டில் போய் 3-0 என்று வென்றது. ஃபெரென்ஸ்வாரோஸ் தன் பயிற்சியாளரை அதோடு வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சுற்றில் சுவீடனின் ஹெக்கென், பெனால்டியில் போனது. அதற்கும் அடுத்ததில் எங்கள் நாட்டு மொல்டேயை 2-1 என்று வென்ற இரவில், நோர்வேக்காரனாக இருந்தும் நான் பரோயேக்காரருக்குக் கை தட்டினேன். இரண்டாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில்தான் மொல்டே தப்பியது.

திரு. செஃபரின், உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஸ்லோவேனியாக்காரர். 2014 ஓகஸ்ட் மாதம் நீங்கள் உங்கள் நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராக இருந்தீர்கள். மரிபோர் அணி பிளே-ஓஃப் சுற்றில் செல்டிக்கைச் சொந்த ஊரில் 1-1 என்று சமன் செய்து, கிளாஸ்கோவில் மார்கோஸ் தவாரெஸின் ஒரே கோலால் வென்று சம்பியன்ஸ் லீக்குக்குள் போனது. அந்த முதல் ஆட்டத்தின் இரவில் மரிபோர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021இல் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் தனியாக ஒரு லீக் தொடங்கப் பார்த்தபோது நீங்கள் உறுதியாக எதிர்த்து நின்றீர்கள். அன்று எங்கள் வீட்டிலும் உங்களுக்குப் பெரிய மரியாதை. 2024 மாற்றத்தில் சம்பியன்களுக்கான தகுதிகாண் பாதையில் இடத்தை நான்கில் இருந்து ஐந்தாக்கினீர்கள், அதையும் மறக்கவில்லை. அதனால்தான் எதிராளிக்கு எழுதுகிற தொனியில் இதை எழுதவில்லை.

ஆனாலும் எங்கள் பயம் ஏன் இவ்வளவு ஆழம் என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்றால் இந்த வடக்கின் வரலாற்றைக் கொஞ்சம் கேட்க வேண்டும். 1963வரை வட நோர்வேயின் கழகங்களுக்கு நோர்வேக் கிண்ணத்தில் ஆட அனுமதியே இல்லை. முதல்தர லீக்கின் கதவு 1972இல்தான் திறந்தது. தூரம் அதிகம், பயணம் கஷ்டம், தரம் போதாது. இவைதான் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கதவு திறந்த பிறகும், தெற்குப் பிரிவில் வென்ற அணி நேரே மேலே போகும், வடக்குப் பிரிவில் வென்ற அணி இன்னும் ஒரு தகுதிகாண் கட்டத்தைத் தாண்ட வேண்டும். 1975இல் கிளிம்ட் இரண்டாம்தர லீக்கில் இருந்துகொண்டே நோர்வேக் கிண்ணத்தை வென்றது. வடக்குக்கு வந்த முதல் கிண்ணம் அது. ஆட விட்டுப் பார்த்த பிறகுதான் தரம் இருப்பது தெரிந்தது. மஞ்சள் நிறத்தில் ஆளுயரப் பற்தூரிகைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ரசிகர்கள் மைதானத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கமும் எழுபதுகளில்தான் தொடங்கியது.

தூரம், பயணம், தரம் என்ற அதே மூன்று சொற்கள் இன்று நாட்காட்டி விவாதங்களில் திரும்பக் காதில் விழும்போது, இங்கே எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பழைய காலம் தெரியாது, அவர் பிறகு வந்தவர். ஆனால் வேறொரு கரையில், தலைநகரத்துக்குத் தூரமான ஒரு ஊரில் பிறந்தவருக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை.

இரண்டாவதாக இன்னொரு கோரிக்கை. இரண்டு ஆட்டம் என்றால் போதாது, அந்த ஆட்டம் சொந்த ஊரிலேயே நடக்க வழி செய்யுங்கள். சுற்று மேலே போகப் போக மைதானத்துக்கான உங்கள் நிபந்தனைகள் இறுகுகின்றன. இருக்கை, விளக்கு, ஊடக அறை, பாதுகாப்பு. எல்லாம் தேவையானவைதான். ஆனால் விளைவு என்ன? 2005இல் லிவர்பூல் நடப்புச் சம்பியனாக இருந்தும் முதல் தகுதிகாண் சுற்றில் இருந்து ஆட வேண்டி வந்தது, எதிரே வேல்ஸின் சின்னக் கழகமான டிஎன்எஸ். அவர்களுடைய சொந்த ஆட்டம் நடந்தது வேறு ஊரான ரெக்ஸமில். 2014இல் பல்கேரியாவின் ரஸ்கிராட் என்ற சிறு நகரத்தின் லுடோகொரெட்ஸ், ருமேனியாவின் ஸ்டெயுவா புக்கரெஸ்ட்டோடு ஆடிய பிளே-ஓஃப் இரண்டாவது ஆட்டம் தலைநகர் சோஃபியாவில். உங்கள் தகுதிகாண் சுற்றுகளின் வரலாற்றிலேயே அதைப் போன்ற ஒரு முடிவு இருக்காது. மேலதிக நேரத்தின் கடைசி நிமிடங்களில் கோல் காப்பாளருக்குச் சிவப்பு அட்டை, மாற்று ஆள் இல்லை. பின்கள வீரர் கொஸ்மின் மோட்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். முதல் பெனால்டியைத் தானே அடித்தார், பிறகு இரண்டைத் தடுத்தார். அவரே ஒரு ருமேனியர் என்பது இதில் இன்னொரு சுவை. ரஸ்கிராட் மைதானத்தில் ஒரு பார்வையாளர் மேடைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் ரஸ்கிராட் மக்களில் எத்தனை பேர் அதை நேரில் பார்த்திருப்பார்கள்?

போர் நடக்கும் நாடுகளின் கழகங்கள் வேறு நாட்டில் ஆட வேண்டி வருவது வேறு விஷயம். 2014இல் இருந்து உக்ரைனின் ஷக்தார் கழகம் தன் சொந்த டொனெட்ஸ்க்கில் ஆடவில்லை, அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும். நான் கேட்பது அமைதியாக இருக்கும் ஊர்களைப் பற்றி. விளக்குக் கம்பம் போதாது என்றால், சம்பியன்ஸ் லீக்கில் சேரும் கோடிகளில் இருந்து ஒரு சிறு பங்கை எடுத்து விளக்குக் கம்பம் நட்டுக் கொடுங்கள். ஆட்டத்தை வேறு ஊருக்குக் கொண்டு போவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அஸ்ப்மீராவும் எட்டாயிரம் பேர் சொச்சம் கொள்கிற சின்ன மைதானம்தான். செயற்கைப் புல். கடற்காற்று ஒரு பக்கம் இருந்து வந்தால் கோர்னர் உதையின் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. 2025 ஓகஸ்ட் 20ஆம் திகதி, ஆஸ்திரியாவின் ஸ்டூர்ம் கிராட்ஸோடு பிளே-ஓஃப் முதல் ஆட்டத்துக்கு அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தே போனேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, பாதி வழியில் இரண்டு தடவை நின்றோம். அம்மா கட்டித் தந்த ரோல்ஸ் பையில் இருந்தது. ஸாக்ரெப்பும் பெல்கிரேட்டும் மனதில் இருந்ததால் ஒருவரும் வாய் திறந்து நம்பிக்கை என்று சொல்லவில்லை. ஆட்டம் முடியும்போது 5-0. மேற்கே வானம் முழுதாக இருளாமல் ஒரு கோடு வெளிச்சம் இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான நோர்வேக்காரர் ஒருவர், எங்களோடு ஒருநாளும் பேசியிராதவர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அடுத்த கிழமை கிராட்ஸில் 1-2 என்று தோற்றது யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2026 ஜனவரியில் சம்பியன்ஸ் லீக்கில் மன்செஸ்டர் சிட்டி இங்கே 3-1 என்று தோற்றது. பெப்ரவரியில், ஏசி மிலானோடு சான் சீரோவைப் பகிர்ந்துகொள்ளும் அதே நகரத்தின் மற்றக் கழகமான இன்டர் மிலான், அதே 3-1. சான் சீரோவில் இரண்டாவது ஆட்டத்தையும் 2-1 என்று வென்றோம். அங்கே முதல் கோலைப் போட்டவர் திரும்பி ஊருக்கே வந்துவிட்ட ஹௌக. ஐந்தரை வருடத்துக்கு முன் ஆளில்லாத அதே மைதானத்தில் அவர் அடித்ததை நாங்கள் பார்த்திருந்தோம். இந்த முறை முதல் ஆட்டம் எங்கள் ஊரில் நடந்திருந்தது. அந்த வேறுபாட்டைத்தான் இத்தனை பக்கத்தில் சொல்ல முயல்கிறேன்.

அந்த இரவில்கூட அப்பா சொன்னது, "இது இன்டர். மற்றவன் இன்னும் இங்க வரேல்லை."

ஆகவே செயற்குழுவிடம் கேட்பது இவ்வளவுதான். தகுதிகாண் சுற்று எதையும் ஒரே ஆட்டமாக ஆக்குவதில்லை என்று, உலகளாவிய பேரிடர் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஆக்குவதில்லை என்று, போட்டி விதிகளிலேயே எழுதுங்கள். நாட்களைக் குறைத்தே தீர வேண்டும் என்றால் எட்டு ஆட்டமாக நீங்கள் பெருக்கிய இடத்தில் இருந்து குறைக்கத் தொடங்குங்கள். சின்னக் கழகத்தின் மைதானம் நிபந்தனைக்குப் போதாமல் இருந்தால், முதலில் அதைத் திருத்த உதவுங்கள். இப்படி ஒரு முடிவுக்கு முன், உங்கள் 55 உறுப்புச் சங்கங்களின் பிரதிநிதிகளோடு, தகுதிகாண் சுற்றில் மட்டுமே ஐரோப்பாவைப் பார்க்கிற கழகங்களின் ஆட்களையும் நியோனுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். விமானச் சீட்டுக்குக் காசு சேர்க்கிற கஷ்டம், அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டிய ஆட்டக்காரர்கள், எல்லாவற்றையும் அவர்கள் சொல்வார்கள். அந்தக் கஷ்டத்தோடும் இரண்டாவது ஆட்டத்தைக் கைவிட வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது என் நம்பிக்கை. நான் தவறு என்றால் அவர்கள் வாயாலேயே கேட்டுத் திருந்திக்கொள்கிறேன்.

கடைசியாக ஓர் அழைப்பு. ஒரு ஜூலை மாதம், முதல் தகுதிகாண் சுற்று நடக்கும் கிழமையில், உங்களில் சிலராவது ஒரு சின்ன ஊருக்குப் போய் ஆட்டம் பாருங்கள். விருந்தினர் மேடையில் இல்லாமல் சனத்தோடு சனமாக நின்று. கிளாக்ஸ்விக் ஆகட்டும், அல்மாட்டி ஆகட்டும், ஜிப்ரால்டர் ஆகட்டும். பூடோவுக்கு வந்தால் விமான நிலையத்தில் இருந்து மைதானத்துக்கு நடந்தே வந்துவிடலாம். கோடைதானே என்று நம்பி மெல்லிய சட்டையோடு வந்துவிடாதீர்கள், காற்று எலும்பில் ஏறும். அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன். மிலான் எப்போது வரும் என்று அவர் உங்களிடமே கேட்டுக்கொள்வார்.

அன்புடனும் மரியாதையுடனும்,
பூடோவிலிருந்து ஒரு கிளிம்ட் ரசிகன்